ஆற்றல் கணக்கும் அண்டத்தின் தொடக்கமும்



அண்டவியலைப் பற்றிப் பொதுமேடையில் யார் பேசினாலும், கேள்வி நேரத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் பெருவெடிப்புக்கான ஆற்றல் எங்கிருந்து வந்தது?" கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ஒரு வகை. "ஆகவே கடவுள்" என்றோ "ஆகவே பெருவெடிப்பு பொய்" என்றோ அடுத்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்திருப்பவர்கள் இன்னொரு வகை. இருவருக்கும் மேடையிலிருந்து வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: அண்டத்தின் மொத்த ஆற்றல் பூஜ்யம், பூஜ்யத்திலிருந்து பூஜ்யம் வந்தது, எந்த விதியும் மீறப்படவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அதில் நிறைவில்லை. ஏன் இல்லை என்று சொல்வதற்கே இன்றைய உரை.

முதலில் அந்த விதியை யார், எப்படிக் கண்டார்கள் என்று பார்ப்போம். அதை எட்டியவர்களில் ஒருவர் இயற்பியலாளரே அல்லர், கப்பல் மருத்துவர். ஜெர்மனியின் யூலியுஸ் ராபர்ட் மேயர் 1840-ல், 25 வயதில், ஒரு டச்சுக் கப்பலில் ஜாவாவுக்குப் போனார். சுரபாயா துறைமுகத்தில் நோயுற்ற மாலுமிகளுக்கு, அக்கால வைத்தியப்படி, சிரையைக் கீறி ரத்தம் எடுத்தார். சிரை ரத்தம் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வந்ததோ பளிச்சென்ற சிவப்பு. தமனியில் கத்தி பட்டுவிட்டதோ என்று திடுக்கிட்டார். இந்த ஊர் வெயிலில் எல்லோருக்கும் இப்படித்தான் என்றார்கள் உள்ளூர் மருத்துவர்கள்.

வேறொருவர் அந்தப் பதிலோடு விட்டிருப்பார். மேயர் விடவில்லை. வெளியே வெப்பம் மிகுந்திருந்தால் உடலைச் சூடாக வைத்திருக்கக் குறைவான உணவை எரித்தால் போதும், குறைவாக எரித்தால் ஆக்சிஜனும் குறைவாகச் செலவாகும், செலவாகாமல் மீந்த ஆக்சிஜன்தான் ரத்தத்தின் சிவப்பு என்று யோசித்துக்கொண்டே போனார். அப்படியானால் தின்ற உணவு, உடம்பின் சூடு, மாலுமி கயிறு இழுக்கும் உழைப்பு மூன்றும் ஒரே கணக்கின் வரவு செலவுகள். 1842-ல் வெளியான கட்டுரையில் மாற்று வீதத்தையே கொடுத்துவிட்டார்: ஒரு பொருள் 365 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதும், அதே எடையுள்ள தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்குவதும் சமம். இன்றைய மதிப்பு 427 மீட்டர். தாம் புதிதாக எதையும் அளக்காமல், வாயுக்களைப் பற்றி அன்று கிடைத்த அளவீடுகளைக் கொண்டே இவ்வளவு அருகில் வந்தது சாதாரண காரியமல்ல.

மான்செஸ்டர் பக்கம் சால்ஃபர்டில் பீர் ஆலைக் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல், தண்ணீர்த் தொட்டிக்குள் துடுப்புச் சக்கரத்தை வைத்து, இறங்கும் எடைகளால் அதைச் சுழற்றி, தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பொறுமையாக அளந்தார். 1847-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைப் பொது விதியாகவே எழுதினார். அவரும் மருத்துவர்தான், பிரஷ்ய ராணுவ மருத்துவர். அன்றைய முன்னணி இயற்பியல் இதழ் அவருடைய கட்டுரையை ஏற்கவில்லை, தனி நூலாக அச்சிட வேண்டியிருந்தது. மேயர் பாடு இன்னும் மோசம். யார் முதலில் கண்டது என்ற சண்டையில் மனம் உடைந்து, மனநலக் காப்பகத்தில் கொஞ்ச காலம் இருந்தார்.

அதன் பிறகு இந்த விதி தோற்றதே இல்லை. ஒரு முறை தோற்றுவிடும் போலிருந்தது. அணுக்கரு சிதைந்து எலக்ட்ரானை வெளிவிடும்போது ஆற்றலில் ஒரு பகுதி காணாமல் போய்க்கொண்டிருந்தது. சராசரியாகத்தான் ஆற்றல் மாறாது போலும் என்று சொல்லிவிடும் அளவுக்கு நீல்ஸ் போரே தயாராகிவிட்டார். 1930 டிசம்பரில் வுல்ஃப்காங் பாலி, கண்ணில் படாத ஒரு துகள் அதை எடுத்துப் போகிறது என்று துணிந்து சொன்னார். 1956-ல் ரைன்ஸும் கோவனும் ஓர் அணு உலையருகே அந்தத் துகளைப் பிடித்துக் காட்டினார்கள். அதுதான் நியூட்ரினோ. தேனி மாவட்டம் பொட்டிபுரத்து ஆய்வகத் திட்டம் பற்றிய வாதப் பிரதிவாதங்களால் நம் டீக்கடை வரை வந்த பெயர். ஆற்றல் மாறா விதியின் மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையால் பிறந்த துகள் அது.

இவ்வளவு உறுதியான விதிக்குக் காரணம் என்ன? மேயருக்கும் தெரியாது, ஜூலுக்கும் தெரியாது. இயற்கை அப்படி நடக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். காரணத்தைச் சொன்னவர் கணிதவியலாளர் எம்மி நோய்தர்.

1915-ல் ஐன்ஸ்டைன் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்கு வந்து, இன்னும் முடிவடையாத தம் பொதுச் சார்பியல் கொள்கையைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அங்கிருந்த கணித மேதைகள் ஹில்பர்ட்டும் ஃபெலிக்ஸ் கிளைனும் அந்தச் சமன்பாடுகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஓரிடத்தில் சிக்கியது. பழைய இயற்பியலில் ஆற்றல் மாறாமை கிடைப்பது போல இந்தக் கொள்கையில் கிடைக்கவில்லை. ஏதோ உப்புச் சப்பில்லாத ஒரு சமன்பாடாக, ஒன்றும் சொல்லாமல் நின்றது. இதை அவிழ்க்க அவர்கள் நாடியது நோய்தரை. பெண் என்பதால் பல்கலைக்கழகம் அவருக்கு ஆசிரியப் பணி தர மறுத்தது. வகுப்பு ஹில்பர்ட் பெயரில் அறிவிக்கப்படும், நடத்துபவர் நோய்தர். ஊதியம் கிடையாது. 1918 ஜூலையில் கோட்டிங்கன் அறிவியல் கழகத்தில் அவருடைய கட்டுரையை வாசித்தளித்தவரும் கிளைன்தான், கழகத்தில் நோய்தர் உறுப்பினர் இல்லையே!

அந்தக் கட்டுரையில் இரண்டு தேற்றங்கள் உண்டு. முதலாவது சொல்வது இது: இயற்கையின் விதிகளில் ஒரு தொடர் சமச்சீர்மை இருந்தால், அதற்கு இணையாக மாறாத ஓர் அளவு இருந்தே தீரும். விதிகள் இடத்துக்கு இடம் மாறாமலிருந்தால் உந்தம் மாறாது. விதிகள் நேரத்துக்கு நேரம் மாறாமலிருந்தால் ஆற்றல் மாறாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஆனைமலையில் கடம்பாறை நீரேற்று மின்நிலையம் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் வேளையில் கீழ்த் தேக்கத்துத் தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, தட்டுப்பாடான வேளையில் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ஏற்ற ஆன செலவைவிடக் குறைவாகத்தான் எப்போதும் திரும்பக் கிடைக்கும். இப்போது ஒரு கற்பனை. பூமியின் ஈர்ப்பு காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் இருந்தால் என்னாகும்? லேசான தண்ணீரைக் காலையில் ஏற்றி, கனத்த தண்ணீரை மாலையில் இறக்கலாம். நிலக்கரி வேண்டாம், யுரேனியம் வேண்டாம், மின்வாரியத்துக்குக் கடனும் இருக்காது. ஆற்றல் சும்மா வந்துகொண்டேயிருக்கும். அப்படி வராததற்கு ஒரே காரணம், காலையின் விதியே மாலையிலும் விதியாக இருப்பது. நோய்தர் நிறுவியது இதைத்தான். ஆற்றல் மாறா விதி தன்னந்தனியாக நிற்கும் விதியன்று. காலத்தின் சமச்சீர்மை அதற்கு அடித்தளம். அடித்தளம் இருக்கும் இடத்தில் விதி இருக்கும்.

பொதுச் சார்பியலுக்கு வருவோம். அங்கே காலமும் வெளியும் நாடகத்தின் மேடையாக மட்டும் நிற்பதில்லை, அவையும் நடிக்கின்றன. 1922-ல் ரஷ்யாவின் ஃப்ரீட்மன், 1927-ல் பெல்ஜியப் பாதிரியார் லெமேத்ர், 1929-ல் அமெரிக்காவின் ஹபிள் என்று மூவர் வழியாக நமக்குக் கிடைத்த அண்டம் விரிந்துகொண்டே போகும் அண்டம். நேற்றைய அண்டமும் இன்றைய அண்டமும் ஒன்றல்ல. அண்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் அந்தக் காலச் சமச்சீர்மை அங்கே கிடையாது. நோய்தரின் இரண்டாம் தேற்றம் இத்தகைய கொள்கைகளைப் பற்றியதுதான். ஹில்பர்ட் கண்ட சிக்கல் கணக்குப் பிழை இல்லை, கொள்கையின் இயல்பே அப்படி என்று அது காட்டியது. சிறிய இடத்தில், குறுகிய நேரத்தில் ஆற்றல் ஓர் இம்மியும் தப்பாது. ஒரு பெட்டிக்குள் வருவதும் போவதும் மிகச் சரியாகக் கணக்காகும். ஆனால் எல்லாப் பெட்டிகளையும் கூட்டி அண்டத்துக்கு ஒரே தொகை போடு என்றால், பொதுவாக அந்தக் கூட்டலுக்கே வழியில்லை.

இது வெறும் தத்துவப் பேச்சாகத் தோன்றலாம். வானத்திலிருந்தே ஒரு சாட்சி தருகிறேன். 1964-ல் நியூஜெர்சியில் பென்சியாஸும் வில்சனும் தற்செயலாகக் கண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு, அண்டம் 3,80,000 வயதுக் குழந்தையாக இருந்தபோது புறப்பட்ட ஒளி. அப்போது அதன் வெப்பநிலை ஏறத்தாழ 3,000 கெல்வின். இன்று 2.725 கெல்வின். இந்த அரங்கில் உங்கள் முகத்துக்கு முன்னால் உள்ள ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் அந்தப் பழைய ஒளியின் ஃபோட்டான்கள் சுமார் 411 இருக்கின்றன. வெளி விரிய விரிய அவற்றின் அலைநீளமும் ஏறத்தாழ 1,090 மடங்கு நீண்டுவிட்டது. அலை நீண்டால் ஆற்றல் குறையும். ஃபோட்டான்களின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருக்க, ஒவ்வொன்றின் ஆற்றலும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. மீதி எங்கே?

எங்கேயும் போகவில்லை. இதைச் சொல்லத் தயங்கும் ஆசிரியர்கள் உண்டு. விரியும் வாயு உருளையின் தண்டைத் தள்ளி ஆற்றலை இழக்கிறதே, அதுபோல என்பார்கள். சமன்பாடு பார்க்க அப்படியேதான் இருக்கும். ஆனால் அங்கே தள்ளுவதற்குத் தண்டும் இல்லை, உருளைக்குச் சுவரும் இல்லை. ஈர்ப்புப் புலத்துக்குப் போனது என்பார்கள் இன்னும் சிலர். அப்படிச் சொல்லலாம், தவறில்லை. ஆனால் அந்த ஈர்ப்பு ஆற்றல் எந்தக் கன சென்டிமீட்டரில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விடை கிடைக்காது.

ஈர்ப்பு ஆற்றல் என்பதே கற்பனை என்று இதை எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. பூமியையே பாருங்கள். இதைக் கல் கல்லாகப் பிரித்து முடிவிலாத் தொலைவுக்குக் கொண்டுபோக எவ்வளவோ ஆற்றல் வேண்டும். அதாவது, ஒன்றாகச் சேர்ந்திருக்கும் பூமிக்கு அவ்வளவு ஆற்றல் பற்றாக்குறை. ஆற்றலுக்கு நிறை உண்டு என்பதால், துண்டுகளின் கூட்டு நிறையைவிடப் பூமியின் நிறை சுமார் 2.8 லட்சம் கோடி டன் குறைவு. மொத்தப் பூமியில் அது ஏறத்தாழ 220 கோடியில் ஒரு பங்குதான். ஆனாலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1969-ல் அப்போலோ வீரர்கள் நிலாவில் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான்கள் மீது லேசரை அடித்து, பூமியும் நிலாவும் சூரியனை நோக்கி ஒரே மாதிரி விழுகின்றனவா என்று பல பத்தாண்டுகளாக அளக்கிறார்கள். விழுகின்றன. அந்த எதிர்மறை ஆற்றலுக்கும் எல்லாப் பொருளையும் போலவே ஈர்ப்பு உண்டு என்று இதிலிருந்து தெரிகிறது. 2015 செப்டம்பரில் லைகோ ஆய்வகம் பிடித்த முதல் ஈர்ப்பு அலையில், இரண்டு கருந்துளைகள் இணைந்தபோது மூன்று சூரியன்களின் நிறை அலையாகவே வெளியேறியது. தனித்து நிற்கும் ஒரு பொருளைத் தொலைவிலிருந்து பார்த்தால் இந்தக் கணக்கெல்லாம் மிகத் துல்லியமாகப் போடலாம்.

"தொலைவிலிருந்து பார்த்தால்" என்ற சொற்களில்தான் சிக்கல் இருக்கிறது. அண்டத்துக்கு வெளியே போய் நின்று பார்க்க இடமில்லை.

இனி பூஜ்யக் கதைக்கு வரலாம். இயற்பியலாளர் ஜார்ஜ் கமாவ் தன்வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனோடு நடந்துபோகையில், ஜெர்மன் இயற்பியலாளர் பாஸ்குவால் யோர்டானின் யோசனை ஒன்றைச் சொன்னாராம்: ஒரு விண்மீனின் எதிர்மறை ஈர்ப்பு ஆற்றல் அதன் நிறையின் ஆற்றலுக்குச் சமமாக இருந்தால், அது ஒன்றுமில்லாததிலிருந்தே தோன்றலாமே! ஐன்ஸ்டைன் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார், கார்கள் பிரேக் போட வேண்டியதாயிற்று என்கிறார் கமாவ். கமாவ் சொல்லும் கதைகளில் கொஞ்சம் மசாலா இருக்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் சூரியனில் அந்த எதிர்மறை ஆற்றல் பத்து லட்சத்தில் சில பங்குதான், சமமாவதற்கு வெகுதூரம். ஆனால் அண்டத்தின் அளவில், தோராயக் கணக்கில், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகின்றன.

1973 டிசம்பரில் நியூயார்க் ஹன்டர் கல்லூரியைச் சேர்ந்த எட்வர்ட் டிரையன் இதை 'நேச்சர்' இதழில் கட்டுரையாக்கினார். குவாண்டம் விதிப்படி வெற்றிடத்தில் துகள்கள் தோன்றி மறைகின்றன. எவ்வளவு ஆற்றலோடு தோன்றுகிறதோ அவ்வளவுக்கு ஆயுள் குறைவு. மொத்த ஆற்றல் பூஜ்யமாக இருந்தால் ஆயுளுக்கு வரம்பே இல்லை. ஆகவே நம் அண்டமே வெற்றிடத்தின் ஓர் அலைவாக இருக்கலாம் என்றார். துணிச்சலான கட்டுரை, இன்றும் வாசிக்கலாம்.

எனக்குள்ள மறுப்புகளில் முதலாவது இது. மூடிய அண்டத்தில் மொத்த ஆற்றல் பூஜ்யம் என்பது வரவையும் செலவையும் கூட்டிக் கண்ட விடையன்று. வெளியே எல்லைப்பரப்பு இல்லாததால் அளவுமானியை வைக்க இடமே இல்லை. அதைத்தான் பூஜ்யம் என்று எழுதிக்கொள்கிறோம். கடை திறக்காத நாளில் கல்லாவைப் பார்த்து "இன்று நட்டமில்லை" என்பதைப் போன்றது அது. மேலும் நம் அண்டம் மூடியது என்பதற்கு அளவீடுகளில் ஆதாரம் இல்லை. பிளாங்க் செயற்கைக்கோளின் அளவுகள் அதைத் தட்டையானதாகவே காட்டுகின்றன. இரண்டாவது மறுப்பு, டிரையனின் வெற்றிடம் காலி இடமன்று. அங்கே வெளி உண்டு, காலம் உண்டு, குவாண்டம் புலங்கள் உண்டு.

1982-ல் இயற்பியலாளர் அலெக்சாண்டர் விலென்கின் இந்தக் குறையைச் சரிசெய்யப் பார்த்தார். வெளியும் காலமும்கூட இல்லாத நிலையிலிருந்து, குவாண்டம் முறையில் சுவரைத் துளைத்து வருவதுபோல, ஒரு சிறு அண்டம் தோன்றுவதைக் கணக்கிட்டுக் காட்டினார். நல்ல கணிதம். ஆனால் அங்கேயும் குவாண்டம் விதி மட்டும் முன்கூட்டியே உட்கார்ந்திருக்கிறது. சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் சற்காரியவாதம் நினைவுக்கு வரும். இல்லாதது தோன்றாது என்று கொண்டதால்தான் அவர்கள் மாயையை முதற்காரணமாக வைத்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்து யோசிப்பது சுவையானது. நம் முன்னோர் குவாண்டம் இயற்பியலை அறிந்திருந்தார்கள் என்று அதிலிருந்து கிளம்புவது அபத்தம்.

இங்கே வானியலாளர் ஃபிரெட் ஹாயிலுக்கும் நியாயம் செய்ய வேண்டும். 1948-ல் அவரும் பாண்டியும் கோல்டும் நிலைத்த அண்டக் கொள்கையை முன்வைத்தார்கள். அண்டம் விரியும்போது இடைவெளியை நிரப்பப் புதுப்பொருள் தோன்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கன மீட்டருக்குப் பல கோடி ஆண்டுகளில் ஒரு ஹைட்ரஜன் அணு தோன்றினால் போதும். ஆற்றல் மாறா விதியை மீறுகிறீர்கள் என்று அவர்மேல் பாய்ந்தார்கள். ஒவ்வோர் அணுவாக வந்தால் குற்றம், எல்லாம் ஒரே நொடியில் வந்தால் சரியா என்று அவர் தரப்பில் திருப்பிக் கேட்க நியாயம் இருந்தது. 1960-களில் அவரும் அவருடைய மாணவர் ஜயந்த் நார்லிகரும் எதிர்மறை ஆற்றலுள்ள ஒரு புலத்தைச் சேர்த்து, பொருள் தோன்றும்போதும் கணக்கு நேராகும்படி செய்தார்கள். பின்னாளில் புனேயில் ஐயூகா வானியல் ஆய்வு நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய நார்லிகர், 2025 மே மாதம் மறையும்வரை பெருவெடிப்பை முழுமனத்தோடு ஏற்றதில்லை. நிலைத்த அண்டக் கொள்கையை நுண்ணலைப் பின்னணி வீழ்த்திவிட்டது. கேள்வியை அது வீழ்த்தவில்லை.

இன்றைய அண்டவியலில் ஆற்றல் எப்படிப் பெருகுகிறது என்பதற்கு விடை இருக்கிறது. 1981-ல் ஆலன் கூத் வெளியிட்ட உப்புதல் கொள்கைப்படி, தொடக்க நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் அண்டத்தின் நீளம் குறைந்தது ஒன்றுக்குப் பின் 26 பூஜ்யம் இட்ட மடங்கு விரிந்தது. அப்போது வெளியை நிரப்பியிருந்த புலத்துக்கு ஒரு விசித்திர குணம்: விரிந்தாலும் நீர்க்காது. ஒரு கன அளவு இரண்டாகும்போது ஆற்றலும் இரண்டாகும். ஃபோட்டான் இழந்ததற்கு நேர்மாறு இது, அதே சமன்பாட்டின் மறுபக்கம். உப்புதல் முடிந்ததும் அந்த ஆற்றல்தான் துகள்களாகவும் வெப்பமாகவும் கொட்டியது. பெருவெடிப்பின் ஆற்றல் எங்கிருந்து வந்தது என்றால், என் அளவில் விடை இதுதான்: விரிவிலேயே உண்டானது. அதற்கும் முந்தைய துளி எப்படி வந்தது என்பது வேறு கேள்வி. அதற்கு ஆற்றல் மாறா விதியைத் துணைக்குக் கூப்பிட முடியாது.

உப்புதல் நடந்ததா என்பதில் இன்னும் சந்தேகப்படுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீர்க்காத ஆற்றல் இப்போதும் நம்மைச் சுற்றி இருக்கிறது. அதைக் கண்ட கதை ஒரு கப்பல் பயணத்தில் தொடங்குகிறது. 1930-ல், சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சந்திரசேகர், பயணத்தின்போது போட்ட கணக்கு வெண்குள்ள விண்மீன்களைப் பற்றியது. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் அவை கனக்க முடியாது. அந்த எல்லையை நெருங்கும் வெண்குள்ளன்கள் வெடிக்கும்போது ஏறத்தாழ ஒரே பிரகாசத்தில் வெடிப்பதாகக் கொண்டு தொலைவை அளக்கிறார்கள். 1998-ல் பெர்ல்மட்டர் குழுவும் ஷ்மிட், ரீஸ் குழுவும் அப்படி அளந்தபோது, வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. அண்டத்தின் விரிவு வேகமெடுத்துக்கொண்டிருந்தது. 2011 நோபல் பரிசு அதற்குத்தான்.

அப்படி வேகமூட்டுவதற்கு இருண்ட ஆற்றல் என்று பெயர். ஒரு கன கிலோமீட்டர் வெளியில் அது அரை ஜூல் அளவு இருக்கிறது, ஐம்பது கிராம் எலுமிச்சம்பழத்தை ஒரு மீட்டர் தூக்கினால் ஆகும் செலவு. அற்பம்தான். ஆனால் வெளி பெருகப் பெருக அதுவும் பெருகி, இன்று அண்டத்தின் ஆற்றலில் ஏறத்தாழ 68 சதவீதம் அதுவே.

இருண்ட ஆற்றலின் அடர்த்தி உண்மையிலேயே மாறாமல் இருக்கிறதா என்பதை அரிசோனாவின் கிட் பீக் மலையில், 4 மீட்டர் மேயால் தொலைநோக்கியில் பொருத்திய டெசி என்ற கருவி 2021 முதல் சோதித்துவருகிறது. 5,000 ஒளியிழைகளால் ஒரே நேரத்தில் 5,000 வானப்பொருள்களின் நிறமாலையை எடுக்கும் கருவி அது. 2024 ஏப்ரலிலும் 2025 மார்ச்சிலும் வந்த முடிவுகளை மற்றத் தரவுகளோடு சேர்த்துப் பார்த்தால், இருண்ட ஆற்றல் அண்மைக் காலத்தில் சற்றே நீர்த்துவருவதுபோல் தெரிகிறது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்கத் தேவையான ஐந்து சிக்மா உறுதியை அது இன்னும் எட்டவில்லை. எட்டிவிட்டால், நான் சொன்ன அந்த அரை ஜூல் நிலையான எண் இல்லை என்றாகும். வெளி பெருகும் வேகம் முந்துமா, அடர்த்தி குறையும் வேகம் முந்துமா என்று கூட்டலை மறுபடி போட வேண்டியிருக்கும். மாணவர்கள் யாராவது அந்த வேலையில் சேர விரும்பினால், டெசியின் முதலாண்டுத் தரவு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.